தூமகேதுவின் வரவும் ஒளியும்

1758-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் இரவில், ஜெர்மனி தேசத்து டிரெஸ்டன் நகரத்தை அடுத்த ஒரு சிற்றூரில், பாலிட்ச் என்னும் குடியானவர் தம் தூரதர்சினியைக் கொண்டு வானத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். பகலில் உழவும் இரவில் வானநூலும் அவருக்கு உரியனவாயிருந்தன. அன்றிரவு மீனராசியில், புகைத்திரள் போன்று மங்கிய பொருளொன்று அவர் கண்ணிற்பட்டது. 1531, 1607, 1682 ஆகிய ஆண்டுகளில் தோன்றிய தூமகேதுக்கள் மூன்றும் ஒன்றே என்றும், அது 1758-ஆம் ஆண்டையொட்டி மீண்டும் வருமென்றும் எட்மண்டு ஹாலி என்னும் ஆங்கிலப் பேரறிஞர் எழுதிவைத்துப் பதினாறு ஆண்டுகளுக்கு முன்னரே இறந்துபோயினர். அவர் சொன்ன விருந்தாளியே அன்று வந்து நின்றது. பிரான்சு நாட்டில் கிளேரோ என்பவரும், அவருக்குத் துணையாக லாலாந்து என்பவரும் லெபோத் அம்மையாரும் பன்மாதம் உழைத்துக் கணக்கிட்டு, 1759 ஏப்ரல் நடுவில் அது சூரியனை மிக அணுகும், ஒரு மாதம் முன்பின்னாதல் கூடும் என்று முன்னரே அறிவித்திருந்தனர். அது சூரியனை மிக அணுகியதோ மார்ச்சு 13-ந் தேதி. எழுபத்தாறு ஆண்டுப் பிரயாணத்தில் ஒரு மாதமே பிழை!

இனி 1973-ஆம் ஆண்டிற்கு வருவோம். அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில், ஹாம்பர்க் வானாலோசனை நிலையத்தில் லூபோஷ் கோஹூடெக் என்னும் செக் நாட்டு அறிஞர் புதிய தூமகேது ஒன்றைக் கண்டார். அப்பொழுது அது ஏறத்தாழ வியாழனின் தூரத்தில் இருந்தது. அத்தனைத் தொலைவிலேயே கண்ணாடிக்கு அகப்படுவது, டிசம்பர் 28-ந் தேதி சூரியனை மிக நெருங்குங்கால் எவ்வளவு ஜொலிக்குமென்று எண்ணிய சிலர், சந்திரனுக்கு அடுத்தபடியாகக் கூறத்தக்க ஒளியை எதிர்பார்த்தனர். பத்திரிகைகள் அதற்கு ‘நூற்றாண்டின் தூமகேது’ என்று பட்டஞ் சூட்டின. அதனைக் காண்பதற்கென்றே மக்கள் பலர் குவீன் எலிஸபெத் 2 என்னும் கப்பலேறிக் கடலிற் சென்றனர்; கோஹூடெக்கும் உடன் சென்றார். மேகம் மறைத்தது. மேகம் விலகிய ஊர்களில் இருந்தோரும் பெரிதாக ஒன்றும் கண்டிலர். 1974 ஜனவரியில், நகரங்களில் வாழ்ந்தோர் ‘எங்கே அது?’ என்று வினவுமாறு மங்கித் தேய்ந்து மறைந்தது. அதன் பாதையைப் பற்றிய கணக்கிலோ ஒரு குறையும் இல்லை. எந்நாளில் எந்த நட்சத்திரத்தினருகே நிற்குமென்று கூறினரோ, அந்நாளில் அங்கேயே நின்றது.

வரவைச் சொல்ல வல்ல சாஸ்திரம் ஒளியைச் சொல்ல மாட்டாமல் இடறுவது ஏன்? இதனையே இங்கு ஆராயப் புகுந்தோம்.

தூமகேதுவின் வழியைத் தீர்மானிப்பது ஈர்ப்புவிசை. சூரியனும் கிரகங்களும் எத்துணை நிறையுடையன, எங்கெங்கு இருக்கின்றன என்பன நமக்குத் தெரியும். சில வாரங்கள் தூமகேதுவின் இடத்தைக் குறித்துக்கொண்டால், மீதி வெறுங்கணிதமே. தூமகேதுவிலிருந்து பீறிட்டெழும் ஆவி அதனைச் சிறிதே தள்ளுவதுண்டாயினும், அத்தள்ளுதலையும் கணக்கிற் சேர்க்கும் வழியைக் கண்டிருக்கின்றனர். அது கல்லாலாயதோ பனியாலாயதோ என்று ஈர்ப்புவிசை கேட்பதில்லை. ஒளியோ அவ்வாறன்று. அது அப்பொருளின் உள்ளியல்பைப் பற்றியது. அவ்வுள்ளியல்போ நம் கண்ணுக்கு எட்டாதது.

பண்டைத் தமிழ்ச் சான்றோர் தூமகேதுவைப் புகைக்கொடி என்றனர். அப்பெயர் மிகப் பொருத்தமென்பது நம் கருத்து. நாம் காணும் தலையும் வாலும் புகையே. அப்புகையை எழுப்பும் கொள்ளி அவற்றினுள்ளே ஒளிந்துகிடக்கும் சிறு கரு ஒன்று. 1986 மார்ச்சு மாதத்தில் ஐரோப்பியர் அனுப்பிய ஜியாட்டோ என்னும் விண்கலம் ஹாலி தூமகேதுவின் கருவிற்கு அறுநூறு கிலோமீட்டருக்குட்பட்ட தொலைவிற் சென்று அதனைப் படம் எடுத்தது. ஏறத்தாழ 15 கிலோமீட்டர் நீளமும் 8 கிலோமீட்டர் அகலமுமுடைய, நிலக்கடலை போன்று இடையில் ஒடுங்கிய கட்டி அது. நிறமோ கரியினும் கருமை. தன்மேல் விழும் வெளிச்சத்தில் நூற்றுக்கு நான்கு பங்கையே அது திருப்பி வீசுகிறது. அக்கருமையான மேலோட்டின் கீழ் நீர்ப்பனியும், உறைந்த கரியமில வாயு முதலியனவும், தூசுடன் கலந்து கிடக்கின்றன. வெயில் உறைக்கும்போது பனி நீராகாமல் நேரே ஆவியாகி, ஓட்டின் வெடிப்புக்களின் வழியே தூசையும் அள்ளிக்கொண்டு வெளிப்படுகிறது. ஒரு சிற்றூரின் அளவேயுள்ள அக்கட்டியைச் சுற்றி இலட்சக்கணக்கான கிலோமீட்டர் விரியும் தலை உண்டாவது இவ்வாறே. தூசு சூரிய ஒளியைச் சிதறச்செய்து மஞ்சள் கலந்த வெண்மையாய்த் தோன்றும். ஆவியிலுள்ள கரியின் மூலக்கூறுகள் தாமே பசுமையாக ஒளிரும். எவ்வளவு தூசு, எவ்வளவு ஆவி, ஓடு எத்துணைத் தடிப்பு, எந்தப் பக்கத்தில் வெடிப்பு என்பவற்றையெல்லாம் அறிந்தாலன்றி ஒளியை உறுதியாகச் சொல்லல் இயலாது. அறிவதற்கோ, அது அருகில் வந்து தானே காட்டினாலன்றி வழியில்லை.

ஆயினும் கணிப்பார் கணித்தே வருகின்றனர். அவர்தம் முறையை விளங்கிக்கொள்ள, ஒளியை அளக்கும் அளவுகோலை முதலில் அறிதல் வேண்டும். கண்ணுக்குத் தெரியும் நட்சத்திரங்களை முதல் தரம் தொடங்கி ஆறாந்தரம் வரை பகுத்தல் கிரேக்கர் காலத்து வழக்கு. எண் ஏற ஏற ஒளி குறையும் என்பதனை மாணவர் மறவாதிருப்பாராக. 1856-ஆம் ஆண்டில் நார்மன் போக்ஸன் என்னும் ஆங்கிலேயர் இவ்வழக்கிற்குக் கணித உருக் கொடுத்தார்: ஐந்து தரம் வேறுபட்டால் ஒளி நூறு மடங்கு வேறுபடும், எனவே ஒரு தரத்திற்கு ஏறத்தாழ இரண்டரை மடங்கு. உலகமெங்கும் இன்றளவும் ஆளப்படுவது இவ்வளவுகோலே. இதனை வகுத்த போக்ஸன் 1861-ஆம் ஆண்டில் நம் சென்னைக்கே வந்து, நுங்கம்பாக்கத்திலிருந்த வானாலோசனை நிலையத்தின் தலைவராகி, 1891-ஆம் ஆண்டில் இறக்கும் வரை இங்கேயே இருந்தார் என்பது நம்மவருட் பலர் அறியாத செய்தி. அவரிடம் உதவியாளராயிருந்த சிந்தாமணி ரகுநாதாசாரியார் 1867-ஆம் ஆண்டில் ஒளி மாறும் நட்சத்திரமொன்றைக் கண்டுபிடித்த பெருமையுடையவர். நட்சத்திரங்களின் தரத்தைக் கண்ணால் ஒப்பிட்டுச் சொல்லும் வித்தை நம் ஊருக்குப் புதியதன்று.

இனிக் கணக்கிற்கு வருவோம். பூமிக்கும் சூரியனுக்கும் இடைப்பட்ட தூரத்தை ஓரலகு என்க. வெறுங்கல்லொன்று சூரியனை நெருங்குமாயின், தூரம் பாதியாகும்போது அதன்மேல் விழும் ஒளி நான்கு மடங்காகும். தூமகேதுவோ ஒளியை வாங்கி வீசுவதோடு நில்லாமல், வெயிலேற ஏறப் புகையையும் மிகுதியாகக் கக்குகின்றது. ஆதலின் அதன் ஒளி இன்னும் விரைந்து பெருகும். பற்பல தூமகேதுக்களை அளந்து பார்த்தோர், தூரம் பாதியானால் ஒளி பதினாறு மடங்காதல் பொதுவியல்பு என்று கண்டனர். பூமியிலிருந்து அதன் தூரம் மாறுவதற்கு வேறு திருத்தம் உண்டு. அஃது எளிது, அதனால் தொல்லையில்லை.

தொல்லையெல்லாம் ‘பொதுவியல்பு’ என்ற சொல்லில் இருக்கின்றது. ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். சூரியனிலிருந்து நான்கு அலகு தூரத்தில் பன்னிரண்டாந் தரத்தில் ஒரு தூமகேது தோன்றுகிறதென்று கொள்க. பூமியிலிருந்துள்ள தூரத்தை இப்போதைக்கு மறந்துவிடுவோம். அது ஓரலகு தூரத்திற்கு வரும்போது, வெறுங்கல்லைப்போல நடந்தால் பதினாறு மடங்கு ஒளி பெற்று ஒன்பதாந் தரமாகும். கண்ணாடியின்றிக் காணவே இயலாது. பொதுவியல்பின்படி நடந்தால் 256 மடங்கு, ஆறாந் தரம், மிக இருண்ட இடத்திலிருந்து கூரிய பார்வையுடையோர் அரிதிற் காண்பர். அதனினும் ஊக்கமாக, தூரம் பாதியாகுந்தோறும் அறுபத்து நான்கு மடங்காகப் பெருகினால் 4096 மடங்கு, மூன்றாந் தரம், ஊராரனைவரும் திண்ணையிலிருந்தே காணலாம். தொடக்கத்தில் மூன்றும் ஒரே புள்ளி! அப்புள்ளியைக் கண்ட மாலையிலேயே இம்மூன்றனுள் எது நிகழுமென்று துணிந்து கூறுபவர் ஜோசியரேயன்றி வானநூலார் அல்லர்.

கோஹூடெக் விஷயத்தில் நேர்ந்தது இதுவே. அது சூரிய மண்டலத்தின் கடைக்கோடியிலிருந்து முதன்முறையாக உள்ளே வந்தது என்று கருதப்படுகின்றது. இத்தகைய புதுவரவுகளின் மேற்பரப்பில், சிறு சூட்டிற்கே ஆவியாகும் பொருள்கள் படிந்திருக்கும். நீர்ப்பனி நன்கு ஆவியாவதற்குச் சூரியனிலிருந்து மூன்று அலகுக்குள் வருதல் வேண்டும். இவையோ அதற்கு வெகு தொலைவிலேயே கிளம்பிவிடும். ஆகவே தூரத்தில் ஆரவாரம். அருகே வந்தபின் அடக்கம். முதல் மாதத்து ஒளியைக் கண்டு பின்னர் வரப்போவதை அளந்தோர் ஏமாந்தனர்.

இவ்வேமாற்றத்தின் பயன் அவ்வோராண்டோடு ஒழிந்ததன்று. 1975-ஆம் ஆண்டில் தென்னமெரிக்காவில் எடுத்த படங்களினின்று ரிச்சர்டு வெஸ்டு என்னும் டென்மார்க்கு அறிஞர் மற்றொரு தூமகேதுவைக் கண்டார். அது 1976 பிப்ரவரி 25-ந் தேதி சூரியனை நெருங்கி, எதிர்பார்த்ததற்கு மேற்பட்ட ஒளியுடன், மார்ச்சு மாதத்து விடியற்காலையில் விசிறி விரித்தாற் போன்ற வாலுடன் எழுந்தது. கரு நான்கு துண்டாய் உடைந்ததால் தூசு பெருகியதும் அவ்வழகிற்கு ஒரு காரணம். ஆனால் ஒருமுறை சூடுகண்ட பத்திரிகைகள் அதனைப் பற்றி அதிகம் எழுதவில்லை. அந்நூற்றாண்டின் மிகச் சிறந்த தூமகேதுக்களுள் ஒன்று வந்துபோனதை எத்தனையோ கோடி மக்கள் அறியாமலே உறங்கிக் கழித்தனர். மிகைபடக் கூறிய கணிப்பு ஒன்றினால் விளைந்த பெருநஷ்டம் இதுவென்றே நாம் கருதுகிறோம். கோஹூடெக்கைக் காணப் புறப்பட்டவர் இழந்தது சில இரவுத் தூக்கமே.

உடைதல் எப்பொழுதும் ஒளியைக் கூட்டும் என்றும் எண்ணற்க. கரு முற்றிலும் சிதறிவிடுமாயின் எல்லாம் முடிந்தது. 2012 செப்டம்பரில் பெலாரஸ் நாட்டு அன்பர் ஒருவரும் ருஷிய அன்பர் ஒருவரும் கண்ட ஐசான் என்னும் தூமகேது, 2013 நவம்பர் 28-ந் தேதி சூரியனின் மேற்பரப்பிற்குச் சுமார் பன்னிரண்டு லட்சம் கிலோமீட்டர் தூரத்தில் வளைந்து சென்றது. பகலிலேயே தெரியக்கூடும் என்று பலர் ஆவலுற்றனர். சூரியனுக்கு அப்பால் வெளிப்பட்டது ஒரு தூசுப் படலமே. அதுவும் சில நாட்களில் கரைந்தது.

இதற்கு ஒரு பழைய உவமானமும் உண்டு. அதில் சென்னைக்கும் பங்கு உண்டு. பீலா என்னும் பெயருடைய தூமகேது, ஏறக்குறைய ஆறரை ஆண்டுக்கொருமுறை வருவது, 1846-ஆம் ஆண்டில் இரண்டாகப் பிளந்து தோன்றிற்று. 1852-ல் இரட்டையாகவே வந்தது; அதன்பின் வரவேயில்லை. 1872 நவம்பர் 27-ந் தேதி பூமி அதன் பாதையைக் கடந்தபோது ஐரோப்பாவில் எரிநட்சத்திரங்கள் மாரியாகப் பொழிந்தன. உடனே ஜெர்மனியிலிருந்து கிளிங்கர்பியூஸ் என்னும் அறிஞர் போக்ஸனுக்குத் தந்தியடித்தார்: பீலா பூமியைத் தொட்டுச் சென்றது, தென்வானத்தில் இன்ன நட்சத்திரத்தினருகே தேடுக என்பது அதன் கருத்து. வடதேசத்தில் அவ்விடம் தெரியாது, சென்னையில் தெரியும். டிசம்பர் 2, 3 ஆகிய நாட்களின் விடியலில் போக்ஸன் அங்கே ஒரு தூமகேதுவை உண்மையாகவே கண்டார்! பின்னர் மழைமேகம் சூழ்ந்துகொண்டது. அது பீலா அன்று, தற்செயலாய் அங்கிருந்த வேறொன்று என்று பிற்காலக் கணக்குகள் காட்டின. பீலாவின் சாம்பலே எரிநட்சத்திரங்களாய் வீழ்ந்தது.

இதற்கு நேர்மாறான விந்தையையும் சொல்லிவிடுவோம். 1892-ஆம் ஆண்டில் ஹோம்ஸ் என்பவர் கண்ட சிறு தூமகேது, 2007 அக்டோபர் மாதத்தில் பதினேழாந் தரத்தில், பெரிய கருவிகளுக்கே எட்டும் நிலையில் இருந்தது. சூரியனை விட்டு விலகியும் போய்க்கொண்டிருந்தது. யாதொரு முன்னறிவிப்புமின்றி, இரண்டு நாளுக்குள் சுமார் ஐந்து லட்சம் மடங்கு பிரகாசித்து, மூன்றாந் தர நட்சத்திரம்போல் வெறுங்கண்ணுக்குத் தெரிந்தது. இதனை எந்தச் சூத்திரம் முன்னறிந்து கூறும்?

ஆகவே கணிப்பு என்பது ஒருமுறை கூறிவிட்டு ஓய்வதன்று. வாரந்தோறும் அளந்து, வாரந்தோறும் திருத்துவது. அவ்வளத்தலில் பெரிய நிலையங்களையே நம்பியிருக்க வேண்டுவதில்லை. உலகெங்குமுள்ள அன்பர்கள் தம் கண்ணாலும் சிறு கண்ணாடியாலும் மதிப்பிட்டு அனுப்பும் எண்கள் இன்றும் தொகுக்கப்பட்டு ஆராய்ச்சிக்குப் பயன்படுகின்றன. ஒரு பைனாக்குலரும், நட்சத்திரங்களின் தரங் குறித்த வரைபடமும், மாசற்ற இருளும் இருந்தாற் போதும். மூன்றாவதே இக்காலத்தில் அரிது.

செய்யும் விதம் இது. இருளில் அரைமணி நேரமாவது இருந்து கண்ணைப் பழக்குக. கையிலுள்ள செல்போனை ஒருமுறை பார்த்தாலும் அப்பழக்கம் கெடும். நட்சத்திரம் புள்ளி, தூமகேது பரந்த புகை. புள்ளியையும் புகையையும் நேரே ஒப்பிட்டால் கண் ஏமாறும். ஆகையால் முதலில் தூமகேதுவைத் தெளிவாக நோக்கி, அதன் அளவையும் சராசரி ஒளியையும் மனத்திற் பதித்துக்கொள்க. பின்பு பைனாக்குலரின் திருகைத் திருப்பி, அருகிலுள்ள நட்சத்திரத்தை வேண்டுமென்றே கலங்கச் செய்க. அது விரிந்து வட்டமாகும். மனத்திலுள்ள தூமகேதுவின் அளவு வந்தவுடன் நிறுத்தி, எது ஒளி மிக்கது என்று பார்க்க. தூமகேதுவினும் சிறிது ஒளி மிக்க ஒரு நட்சத்திரமும் சிறிது குறைந்த ஒரு நட்சத்திரமும் அகப்பட்டால் வேலை முடிந்தது. முன்னது 5.0, பின்னது 6.0 ஆயின், இடைவெளியைப் பத்தாகப் பகுத்து, தூமகேது எங்கே நிற்கிறதென்று மதிப்பிடுக. 5.6 என்று தோன்றினால் 5.6 என்றே எழுதுக. பத்திரிகையில் 5.0 என்று படித்தோமே என்று எண்ணி எண்ணை இழுப்பவர் மதிப்பீட்டால் ஒரு பயனுமில்லை. அன்றிரவு செய்தித்தாளைப் படியாதிருத்தலே நலம்.

ஒப்பிடும் நட்சத்திரங்கள் தூமகேது நிற்கும் உயரத்திலேயே இருத்தல் வேண்டும். அடிவானத்தில் காற்றுப்படலம் ஒளியை விழுங்குவதால், தலைக்கு மேலுள்ள நட்சத்திரத்தோடு ஒப்பிட்டால் பிழை நேரும். தூமகேது நன்கு தெரியக்கூடிய மிகச் சிறிய கண்ணாடியையே கொள்க. பெரிய தூரதர்சினி தலையின் நடுவைப் பெருக்கிக் காட்டி விளிம்பிலுள்ள மெல்லிய ஒளியை மறைத்துவிடும். அதனால் தூமகேது உள்ளதினும் மங்கியதாக மதிக்கப்படும். தேதி, நேரம், கண்ணாடியின் அளவு, தலையின் அகலம், நடுவில் ஒளி எவ்வளவு திரண்டிருக்கிறது, வாலின் நீளமும் திசையும், நிலவொளி உண்டா இல்லையா என்பனவும் உடனே எழுதப்படவேண்டும். ஒரே இரவில் நால்வர் நோக்கினால் நான்கு எண் வருதல் இயல்பு. அரைத் தரம் வேறுபட்டாலும் நாணவேண்டா. பலருடைய எண்களைச் சேர்த்துப் பார்க்கையிற்றான் கோடு தெளிவாகும்.

அண்மையில் கற்றோரையே இருவேறு கட்சியாக்கிய தூமகேது ஒன்றுண்டு. 2023-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சீனாவிலுள்ள ஊதா மலை நிலையத்தாரும், தென்னாப்பிரிக்காவிலுள்ள அட்லஸ் கருவியாரும் தனித்தனியே கண்டது அது. சூசின்ஷான்–அட்லஸ் என்று பெயர். 2024-ஆம் ஆண்டின் நடுவில் அதன் ஒளி வளர்ச்சி தடைப்பட்டது. தூமகேதுக்களின் உடைவைப் பற்றிப் பல்லாண்டு ஆராய்ந்தவரான செக்கானினா, இது சூரியனை அடையுமுன் சிதறுவது தப்பாது என்று ஜூலை மாதத்தில் எழுதினார். அது சிதறவில்லை. செப்டம்பர் 27-ந் தேதி சூரியனை நெருங்கிச் சுற்றி, தென்னிந்தியாவிலும் விடியற்காலையில் கீழ்வானத்திற் காட்சி தந்தது. அக்டோபர் 9-ந் தேதியளவில் பூமிக்கும் சூரியனுக்கும் இடைப்பட்ட திசையில் வந்தபோது வெள்ளிக் கிரகத்தை ஒத்த ஒளி பெற்றது. ஓட்டுக்கூரையின் துவாரத்தின் வழியே வெயில் விழும்போது, அவ்வெயிலுக்கெதிரே நின்று பார்ப்பவர்க்குத் தூசு பளபளப்பதையும், வெயிலை முதுகுப்புறம் கொண்டவர்க்கு அத்தூசே தெரியாமையையும் நாம் வீட்டிற் கண்டிருக்கிறோமன்றோ? அதுபோல, சூரியனுக்கெதிரே நின்ற தூசு முன்புறமாக ஒளியைச் சிதறியதே அவ்வொளியின் காரணம். இது முன்னரே கணித்துச் சொல்லப்பட்டிருந்தது என்பதும் குறிக்கத்தக்கது. ஏனெனில் இஃது இடத்தைப் பற்றிய கணக்கு, கருவின் குணத்தைப் பற்றியதன்று. சூரியனின் பக்கத்திலேயே நின்றமையால் அந்நாளில் அதனை விண்கலத்தின் கருவிகளே நன்கு கண்டன. சில நாள் கழித்து மாலையில் மேல்வானத்தில் நீண்ட வாலுடன் எல்லோர்க்கும் தெரிந்தது.

பலமுறை வந்துபோன தூமகேதுவைப் பற்றியோ இன்னும் துணிவாகப் பேசலாம். அதன் குணம் முன்னரே பழகியது. ஹாலி 1986-ல் வந்தபோது, அது சூரியனை மிக நெருங்கிய நாளில் பூமி சூரியனுக்கு மறுபுறத்தில் இருந்தமையால் பலர் ஏமாந்தனர். அடுத்த முறை, 2061 ஜூலை 28-ந் தேதி அது சூரியனை நெருங்கும்போது, பூமி அதே பக்கத்தில் இருக்கும். பூஜ்யத்தினும் சற்று மேம்பட்ட தரத்தில், அதாவது வானத்தின் முதன்மையான நட்சத்திரங்களோடு ஒப்ப, அது ஒளிருமென்று கணித்திருக்கின்றனர். அது 2023 டிசம்பரில் தன் பாதையின் கடைக்கோடியைத் தொட்டுத் திரும்பிவிட்டது. இப்பொழுது நம்மை நோக்கி வந்துகொண்டிருக்கின்றது. 2025-ஆம் ஆண்டில் பதினெட்டு வயதினராய்க் கல்லூரியிற் சேர்ந்த மாணவர்க்கு அது வரும்போது ஐம்பத்து நான்கு வயது ஆகும்.